வழிகாட்டும் துணைக்கோளத்தின் உள்ளே ஒரு கணிப்பொறி



மஸ்ஜித் தானாவிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் பெங்காலான் பாலாக் என்னும் இடம் வரும். மாலை வேளையில் அங்கே நின்று மேற்கே நோக்கினால் மலாக்கா நீரிணையில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது தெரியும். கரையை ஒட்டி இன்னும் வடக்கே சென்றால் தஞ்சோங் துவான் முனையில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. சுற்றிலும் நெகிரி செம்பிலான் மண்ணாக இருந்தாலும் அந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்கு உரியது. போர்த்துக்கீசியர் காலத்திலேயே அங்கு விளக்கு ஏற்றப்பட்டது. இப்போது நிற்கும் கோபுரம் 1863-ஆம் ஆண்டினது.

சென்ற ஆண்டு எங்கள் தோட்டப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை அந்த விளக்கைக் காட்டுவதற்காக அழைத்துச் சென்றோம். வேன் ஓட்டுநர் அண்ணன் கைப்பேசியை முன்னால் மாட்டி வைத்து, அது காட்டிய வழியிலேயே ஓட்டினார். குறுக்கு வழி என்று சொல்லி அது எங்களை ஒரு செம்பனைக் காட்டுக்குள் திருப்பிவிட்டது. அரை கிலோமீட்டர் போனதும் மண் சாலை முடிந்தது. எதிரே ஒரு பெரிய கான். பாலமோ பலகையோ கிடையாது. "சாட்டிலைட்டை நம்பி வந்தா இதுதாங்கையா கதி" என்று அண்ணன் சலித்துக்கொண்டார். பிள்ளைகளுக்கோ ஒரே கொண்டாட்டம்.

ஆனால் கைப்பேசியின் திரையைப் பார்த்தபோது ஓர் உண்மை தெரிந்தது. நாங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி, கானின் இந்தக் கரையில், நின்ற இடத்திலேயே சரியாக நின்றது. துணைக்கோளம் தன் வேலையைச் செம்மையாகச் செய்திருக்கிறது. இல்லாத பாலத்தை இருப்பதாக எண்ணி வரைபடம் போட்டவர்கள்தாம் பிழை செய்திருக்கிறார்கள். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னோம். உடனே ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, படம் தப்புன்னு கண்ணால பாத்துட்டோம். மேலே இருக்கிறது தப்பாச் சொன்னா நமக்கு எப்படித் தெரியும்?"

அங்கேயே நின்று அதற்கு விடை சொல்ல எங்களால் முடியவில்லை. பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றைத்தான் இன்றைய உரையாக நேயர்கள் முன் வைக்கிறோம்.

இடி மின்னலை வைத்துத் தொடங்குவோம். மின்னல் கண்ணில் பட்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, இடி காதில் விழும்போது மூன்று என்று வந்திருந்தால், மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் விழுந்திருக்கிறது. ஒன்பது வரை எண்ணியிருந்தால் மூன்று கிலோமீட்டர். பால் மரம் வெட்டிய நம் பெற்றோர்களுக்கு இது ஏட்டில் படித்த கணக்கு அன்று. மழை நம் நிரைக்கு வந்து சேர்வதற்குள் மங்கில் உள்ள பாலை எடுத்துவிட முடியுமா என்பதை அவர்கள் இடியைக் கேட்டே முடிவு செய்தார்கள். ஒலி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தொலைவைக் கண்டார்கள்.

வழிகாட்டும் துணைக்கோளம் செய்வதும் இதே கணக்குத்தான். ஒலிக்குப் பதிலாக அங்கே வானொலி அலை. அது நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்வது. "இன்ன துணைக்கோளம் பேசுகிறேன், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்பொழுது மணி இன்னது" என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கைப்பேசி கணக்கிட்டுத் தொலைவைக் காண்கிறது. மூன்று துணைக்கோளங்களின் தொலைவு தெரிந்தால் இடம் தெரிந்துவிட வேண்டும். ஆனால் நம் கைப்பேசியில் இருக்கும் கடிகாரம் அவ்வளவு துல்லியமானது அன்று; அது எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதும் தெரியாத ஓர் எண்ணே. தெரியாதவை நான்கு என்றால் சமன்பாடும் நான்கு வேண்டும் அல்லவா? ஆகவே நான்கு துணைக்கோளங்கள் வேண்டும். இந்த நான்கு என்னும் எண்ணை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடிகாரப் பிழை எவ்வளவு பெரிய பிழை என்று பாருங்கள். ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கு பிசகினால் தொலைவு 300 மீட்டர் பிசகிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 கிலோமீட்டர்! மஸ்ஜித் தானாவில் நிற்பவரை ஈப்போவுக்கும் அப்பால் கொண்டுபோய் நிறுத்துகிற தொலைவு அது. இதனால்தான் துணைக்கோளத்தில் ருபீடியம் போன்ற தனிமங்களின் அணுக்களைக் கொண்டு ஓடும் அணுக் கடிகாரங்களை வைக்கிறார்கள்.

அவற்றையும் அப்படியே நம்பிவிட முடியாது. உயரத்தில் புவியீர்ப்பு குறைவாதலால் கடிகாரம் சற்று முந்தும் என்பதும், விரைந்து செல்லும் கடிகாரம் சற்றுப் பிந்தும் என்பதும் ஐன்ஸ்டைனின் கொள்கை. 1977-இல் அமெரிக்கா ஒரு சோதனைத் துணைக்கோளத்தை அனுப்பியபோது, இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டும் கருவியையும் உள்ளே வைத்தார்கள். ஆனால் முதல் இருபது நாள் அதை இயக்கவில்லை. அந்தக் கிழவர் சொன்னது மெய்தானா என்று பார்த்துவிடுவோம் என்ற எண்ணம் போலும்! கடிகாரம் அவர் சொன்ன அளவுக்கே முந்தியது. பிறகு தரையிலிருந்து கட்டளை அனுப்பிக் கருவியை இயக்கினார்கள். இன்றுள்ள ஜி.பி.எஸ். துணைக்கோளங்களில் இந்த வேறுபாடு நாள் ஒன்றுக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு. திருத்தாமல் விட்டால் நாளுக்கு 11 கிலோமீட்டர் பிழை சேரும்.

இனி நமக்கு உறவான கதைக்கு வருவோம். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோ, தன் நாட்டுக்கும் அதைச் சூழ்ந்த பகுதிக்கும் என்று ஏழு துணைக்கோளங்கள் கொண்ட ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. முதலாவது 2013 ஜூலை 1-இலும் ஏழாவது 2016 ஏப்ரல் 28-இலும் ஏவப்பட்டன. ஏழாவது ஏவப்பட்ட அன்று இந்தியப் பிரதமர் அதற்கு நாவிக் என்று பெயரிட்டார். கப்பலோட்டி என்று பொருள். நம்முடைய நாவாய் என்னும் பழஞ்சொல்லோடு ஒலியொப்பு இருப்பதால் பிள்ளைகளுக்கு இப்பெயர் எளிதில் மனத்தில் பதிந்துவிட்டது. மூன்று துணைக்கோளங்கள் நம் வீட்டு ஆஸ்ட்ரோ தட்டு நோக்கும் துணைக்கோளத்தைப் போல, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டின் மேல் நின்ற இடத்திலேயே நிற்பனவாகத் தோன்றும். மற்ற நான்கும் அதே உயரத்தில் சாய்ந்த பாதையில் சுற்றி, வானில் எட்டு என்னும் வடிவை வரைவன. நம் மலேசியாவும் அவற்றின் விரிவுபட்ட எல்லைக்குள் வருகிறது.

இவ்வமைப்பின் துணைக்கோளங்களை உருவாக்கிய பெங்களூர் மையத்துக்கு 2015 முதல் 2018 வரை இயக்குநராக இருந்தவர் மயில்சாமி அண்ணாதுரை. பொள்ளாச்சி அருகே கோதவாடி என்னும் சிற்றூரில் பிறந்து அரசுப் பள்ளிகளில் படித்தவர். 1982-இல் இஸ்ரோவில் சேர்ந்த அவர், 1985-இல் ஒரு மாதிரித் துணைக்கோளத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்தத் துணைக்கோளத்தில் இரும்பும் இல்லை, அலுமினியமும் இல்லை. முழுக்க முழுக்க மென்பொருளால், அதாவது கணிப்பொறிக்கு எழுதும் கட்டளைகளால் ஆனது. இது எதற்கு என்று கேட்கலாம். துணைக்கோளம் மேலே போய்விட்டால் ஏணி வைத்து ஏறித் திருப்புளியால் திருக முடியாது. தரையிலிருந்து அனுப்பக்கூடியது கட்டளை ஒன்றே. தவறான கட்டளை போய்ச் சேர்ந்தால் கோடிக்கணக்கான பணம் வானத்தில் அநாதையாகச் சுற்றும். ஆகவே எந்தக் கட்டளையையும் முதலில் கீழே உள்ள மாதிரியிடம் கொடுத்துப் பார்த்து, அது பிழைத்தால் பிறகு மேலே அனுப்புவார்கள்.

சரி, மேலே உள்ள கணிப்பொறிக்கு என்னதான் வேலை? மூச்சுவிட நேரமில்லாத வேலை. விண்மீன்களையும் சூரியனையும் பார்த்துத் தான் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்று கணக்கிட வேண்டும். உள்ளே சுழலும் சக்கரங்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், அலைபரப்பும் முகம் பூமியை விட்டு விலகாமலும், சூரியத் தகடுகள் வெயிலை விட்டு விலகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிச் சில வாரங்கள் நாள்தோறும் பூமியின் நிழல் அதன்மேல் விழும். ஒரு மணி நேரத்துக்குமேல்கூட நீடிக்கும். அப்போது மின்கலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வெப்பம் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் குறித்துத் தரைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். தோட்டத்துக் கிராணியார் பிரட்டுக் களத்திலும், பால் ஸ்டோரிலும், ஆபீசிலும் ஒரே ஆளாக நின்று வேலை பார்ப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் செய்யும் கணிப்பொறிக்கு அங்கே ஒரு பகையும் உண்டு. விண்வெளியில் மின்னூட்டம் பெற்ற நுண்துகள்கள் பறந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் ஒன்று நினைவகத்தில் பாய்ந்தால், அங்கே 0 என்று இருப்பது 1 ஆகிவிடும், 1 என்று இருப்பது 0 ஆகிவிடும். கருவி கெடுவதில்லை, எழுத்து மட்டும் மாறிவிடுகிறது. கட்டளையில் ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு அறிஞர்கள் கண்ட மருந்து, எங்கள் மேசையில் இருக்கும் வருகைப் பதிவேட்டில் கண்முன்னே இருக்கிறது. மாணவர் பெயர் இடப்பக்கம் கீழ்நோக்கி, தேதி மேலே குறுக்காக. வந்தவருக்கு 1, வராதவருக்கு 0 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாணவரும் வந்த நாள்களைக் கூட்டி வலப்பக்கம் எழுதுகிறோம். ஒவ்வொரு நாளும் வந்தவர்களைக் கூட்டி அடியில் எழுதுகிறோம். இப்பொழுது யாரோ ஒரு குறும்பன் ஒரே ஒரு கட்டத்தில் 1-ஐ 0 ஆக்கிவிட்டான். என்ன ஆகும்? ஒரு மாணவருடைய கூட்டுத்தொகை உதைக்கும். ஒரு நாளுடைய கூட்டுத்தொகையும் உதைக்கும். அந்த வரிசையும் அந்தப் பத்தியும் சந்திக்கும் கட்டம்தான் குற்றவாளி. யாரையும் கேட்காமல் அதை 1 ஆக்கிவிடலாம். இரண்டு மூன்று கட்டங்களில் கைவைத்திருந்தால், தவறு நடந்திருக்கிறது என்பது தெரியும். எங்கே என்பதைத் துணிந்து சொல்ல முடியாது. அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு ஹாமிங் 1950-இல் வெளியிட்ட முறை, இந்தக் கருத்தையே இன்னும் சிக்கனமாகச் செய்வது. துணைக்கோளக் கணிப்பொறிகள் தங்கள் நினைவகத்தை இவ்வாறு அடிக்கடி படித்துப் பார்த்து, மாறிய எழுத்தைத் திருத்திக்கொள்கின்றன. இதை எங்கள் மாணவர்களைக் கொண்டே கரும்பலகையில் செய்து பார்த்தோம். இருபது பேர் வகுப்பில் ஒருவர் வெளியே நிற்க, மற்றவர்கள் ஒரு கட்டத்தை மாற்றிவிட, அவர் உள்ளே வந்து கண்டுபிடிப்பது என்று விளையாட்டு. மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை.

திருத்தியும் சரிப்படாமல் கணிப்பொறி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டால்? அதற்கு ஒரு காவல் கடிகை உண்டு. முன்னாளில் தோட்டத்து ஜாகா மணிக்கு ஒரு தரம் தண்டவாளத் துண்டில் ஓங்கி அடிப்பார். மணி கேட்டால் ஆள் விழித்திருக்கிறார் என்று பொருள். கேட்காவிட்டால் யாராவது போய் எழுப்பவேண்டும். துணைக்கோளத்திலும் அப்படியே. குறித்த இடைவெளிக்குள் கணிப்பொறி அந்தக் கடிகையைத் தட்டிவிட வேண்டும். தட்டத் தவறினால் கடிகை கணிப்பொறியை முதலிலிருந்து தொடங்க வைத்துவிடும். நிலைமை இன்னும் மோசமானால் துணைக்கோளம் மற்ற வேலைகளை நிறுத்தி, சூரியத் தகடுகளை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு, தரையிலிருந்து கட்டளை வரும்வரை காத்திருக்கும்.

இப்பொழுது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறோம். நாவிக் துணைக்கோளம் ஒன்றின் முழுச் செய்தி 48 நொடி நீளம். அதை 12 நொடிகளாக நான்கு பகுதியாக்கி அனுப்புகிறது. முதல் இரண்டு பகுதிகளில் தன் கடிகாரத்தின் பிசகும் தன் இருப்பிடமும் இருக்கும். மூன்றாவதும் நான்காவதும் மற்றச் செய்திகளுக்கு உரியவை. ஒவ்வொரு பகுதியின் ஈற்றிலும், நம் பதிவேட்டின் கூட்டுத்தொகை போன்ற ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. வழியில் எழுத்து சிதைந்திருந்தால் கைப்பேசி அதைக் கண்டு தள்ளிவிடும்.

ஆனால் வழியில் சிதையாமல், புறப்பட்ட இடத்திலேயே தவறாக இருந்தால்? அதற்காக அந்தச் செய்தியில் ஒரே ஓர் இலக்கத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். எச்சரிக்கைக் கொடி என்று சொல்லலாம். அது உயர்ந்திருந்தால், "என் தகவலைப் பயன்படுத்துவது உங்கள் சொந்தப் பொறுப்பு" என்று துணைக்கோளமே சொல்வதாகப் பொருள். அதன் அருகில் இன்னோர் இலக்கமும் இருக்கிறது. தரையோடு தொடர்பு விட்டுப்போனால் துணைக்கோளம் உடனே ஊமையாகிவிடுவதில்லை. ஏழு நாளைக்கு வேண்டிய முன்கணக்கு அதன் நினைவகத்தில் இருக்கும். அதைக் கொண்டு தானாகவே பேசும். அப்படிப் பேசும்போது, "இது புதிதாக வந்த கணக்கு அன்று, என் கையிருப்பு" என்று அந்த இரண்டாவது இலக்கம் அறிவிக்கும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொன்னார்கள்: பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டால் சுரண்டாதே, மையைப் பூசாதே, குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் இடு. இருபது வயதில் அது வீண் கெடுபிடி என்று தோன்றியது. எச்சரிக்கைக் கொடியைப் பற்றிப் படித்த இரவில் அந்த விரிவுரையாளர் நினைவுக்கு வந்தார்.

கொடி எல்லாப் பிழையையும் பிடித்துவிடும் என்று சொல்வதற்கில்லை. 2016 ஜனவரி 26-இல் அமெரிக்கா ஒரு பழைய ஜி.பி.எஸ். துணைக்கோளத்தைப் பணியிலிருந்து நீக்கியது. அப்போது தரைநிலைய மென்பொருளில் ஒளிந்திருந்த ஒரு பிழையால், பல துணைக்கோளங்கள் உலகப் பொது நேரத்தைக் கண்டறியப் பயன்படும் ஓர் எண்ணைத் தவறாக அறிவித்தன. பிசகு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 13 பங்கு. இடம் காட்டுவதற்கு வேறு எண்கள் என்பதால் வழி தவறியவர் யாரும் இல்லை. ஆனால் நேரத்தை நம்பியிருந்த தொலைத்தொடர்புக் கருவிகள் பல மணி நேரம் அலறின. மேலே உள்ள கணிப்பொறிகள் தமக்குக் கொடுக்கப்பட்டதை அப்படியே ஒப்பித்தன. அவற்றைக் குறை சொல்வதில் பயனில்லை.

நாவிக் அமைப்புக்கு வந்த சோதனை வேறு வகை. ஒவ்வொரு துணைக்கோளத்திலும் மூன்று அணுக் கடிகாரங்கள் வைத்திருந்தார்கள். அவை அயல்நாட்டிலிருந்து வாங்கியவை. 2016-இல் முதல் துணைக்கோளத்தின் கடிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. மூன்றும் நின்றபின் அதில் கணிப்பொறி ஓடுகிறது, தகடுகள் மின்சாரம் தருகின்றன, அலை வருகிறது. மணி மட்டும் தெரியாது. வழிகாட்டிக்கு மணி தெரியாவிட்டால் என்ன மிச்சம்? ஐரோப்பியர்களின் கலிலியோ துணைக்கோளங்களிலும் ஒன்பது கடிகாரங்கள் நின்றுவிட்டதாக 2017 ஜனவரியில் அறிவித்தார்கள். இந்தியர்கள் மற்றத் துணைக்கோளங்களில் இரண்டு கடிகாரங்களைச் சேர்த்து ஓட்டும் வழக்கத்தை விட்டு, ஆயுள் நீடிக்கட்டும் என்று ஒன்றை மட்டும் ஓட்டத் தொடங்கினார்கள்.

முதலாவதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டு 31-இல் ஒன்றை ஏவினார்கள். ஏவுகணையின் மூக்கு மூடி கழலவில்லை. துணைக்கோளம் அதற்குள்ளேயே சிறைப்பட்டு வீணாயிற்று. 2018 ஏப்ரல் 12-இல் ஏவிய அடுத்தது நலமாகப் போய்ச் சேர்ந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல வேறு துணைக்கோளங்களிலும் கடிகாரங்கள் நின்றன. 2025 ஜூலையில் இந்திய நாடாளுமன்றத்தில் தந்த விளக்கத்தின்படி, அதுவரை ஏவிய பதினொன்றில் இடம் காட்டும் பணியில் இருந்தவை நான்கு. நாம் முதலில் நினைவில் வைக்கச் சொன்ன அதே நான்கு. அதற்கு ஒன்று குறைந்தால் நாவிக் தன்னந்தனியாக ஓர் இடத்தைச் சொல்ல முடியாது.

அதே விளக்கத்தில் இன்னொரு நான்கும் இருந்தது. இடம் காட்ட முடியாமல், செய்தி பரப்புவதற்கு மட்டும் பயன்படும் துணைக்கோளங்கள் நான்கு. இதன் அருமையை அறிய நாம் கன்னியாகுமரிக் கடற்கரைக்குப் போக வேண்டும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி முனையைச் சுற்றி வீசியது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் மீனவர்கள் விசைப்படகில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு சென்று, வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பவர்கள். கைப்பேசி அலை கரையை விட்டுச் சிறிது தூரம்தான் எட்டும். புயல் வருகிறது என்ற செய்தி கரையில் இருந்தது. கடலில் இருந்தவர்களுக்குக் கொண்டு சேர்க்க வழியில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டும் மறைந்தும் போயினர். திரும்பி வராதவர்களுக்காக அந்தக் கரைகளில் மெழுகுவத்தி ஏற்றிக் காத்திருந்த குடும்பங்களை நாம் செய்திப் படங்களில் கண்டோம்.

அதன் பிறகு நாவிக் செய்தியின் மூன்றாம், நான்காம் பகுதிகளுக்குப் புதிய வேலை ஒன்று வந்தது. புயல் எச்சரிக்கை, எல்லை எச்சரிக்கை, மீன் கிடைக்கும் பகுதி ஆகியவற்றைச் சிறு வாசகங்களாக அதில் ஏற்றிப் பரப்பலாம். கரையிலிருந்து 1,500 கிலோமீட்டர் தொலைவு வரை படகில் உள்ள சிறு கருவி அதை வாங்கிக்கொள்ளும். 2018 முதல் மீனவர்களுக்கு இக்கருவிகளை வழங்கத் தொடங்கினார்கள். கடிதம் கொண்டு போவதற்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குத் துல்லியம் தேவையில்லை; ஆகவே அணுக் கடிகாரம் நின்ற துணைக்கோளமும் இதைச் செய்யும். இடம் காட்டும் பட்டியலிலிருந்து நீங்கியபின்னும் அதன் கணிப்பொறி, 48 நொடிக்கு ஒரு முறை தன் செய்தியை அனுப்பிக்கொண்டு, காற்று வருகிறது கரைக்குத் திரும்பு என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறது. இது ஒருவழிச் செய்திதான். மீனவர் அதன் வழியே மறுமொழி சொல்ல முடியாது. அது ஒரு குறைதான். ஆயினும் 2017-இல் இதுகூட இல்லை.

அதே குமரி மாவட்டம்தான், தமிழ்வழிப் பள்ளியில் படித்து இஸ்ரோவின் தலைமைக்கு வந்த சிவனையும், பின்னாளில் அப்பொறுப்புக்கு வந்த நாராயணனையும் தந்தது என்பதை நம் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சொல்லி வைக்கிறோம். நாராயணன் 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற அதே மாதத்திலேயே அவருக்கு நாவிக் தேர்வு வைத்தது. அகமதாபாத்தில் உள்நாட்டிலேயே செய்த ருபீடியம் கடிகாரம் முதன்முதலாக 2023 மே 29-இல் மேலே போயிருந்தது. அதே வரிசையில் அடுத்த துணைக்கோளத்தை 2025 ஜனவரி 29-இல் ஏவினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதல் அது. ஏவுகணை சரியாகக் கொண்டுபோய் விட்டது. ஆனால் அங்கிருந்து உரிய பாதைக்கு உயர்த்தும் இயந்திரத்துக்கு எரியூட்டி செல்லும் வால்வு திறக்கவில்லை. துணைக்கோளத்தின் மற்ற உறுப்புகள் நலமாகவே இருப்பதாக அறிவித்தார்கள். எழுதப்பட்ட கட்டளை எவ்வளவு செம்மையாக இருந்தாலும் திறக்காத வால்வை அதனால் திறக்க முடியாது. நீள்வட்டப் பாதையில் அது நின்றுவிட்டது. எதிர்பார்த்த ஐந்தாவது வழிகாட்டி கிடைக்கவில்லை.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி முடிக்க எங்களுக்கு மூன்று பாட வேளைகள் ஆயின. பிறகு பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் சென்று, தலைக்கு மேலே உள்ள வழிகாட்டும் துணைக்கோளங்களைப் பட்டியலிடும் ஒரு செயலியைக் கைப்பேசியில் காட்டினோம். இருபதுக்கு மேற்பட்ட எண்கள் வந்தன: அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பா, சீனா என்று பல நாட்டவை. அவற்றுள் சிலவற்றுக்கு நேரே, கைப்பேசி இதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது என்னும் அடையாளம் இருந்தது. சிலவற்றுக்கு இல்லை. கேள்வி கேட்ட அந்த மாணவி அடையாளம் இல்லாத எண்களை மட்டும் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"ஐயா, இதெல்லாம் 'என்னை நம்பாதே'ன்னு சொல்றதா?"

"சொல்லியும் இருக்கலாம், அம்மா. அந்தச் செம்பனை மரத்துக்குப் பின்னால் தாழ்வாக இருந்து, அலை சரியாக வராமலும் இருக்கலாம்" என்றோம்.

அவள் நம்பவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு மரம் மறைக்காத திடலின் மறு கோடிக்கு நடந்தாள். மற்றப் பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள். அங்கே போய்ப் பார்த்தபோது அவள் எழுதியவற்றுள் இரண்டு எண்களுக்கு அடையாளம் வந்துவிட்டது. ஒன்றுக்கு வரவில்லை.